ஒசாக்காப் பொடியன்களுக்குத் தமிழ் சப்டைட்டில் போடுவது எப்படி

ஜப்பானியச் சண்டியன் படங்களில் கதை கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்துக்குக் கட் அடிப்பான், பக்கத்துப் பள்ளிக்காரனோடு மோதுவான், முகம் வீங்கி வீட்டுக்கு வந்து தகப்பனிடமும் வாங்குவான். மிச்சமெல்லாம் வாய்தான். நகாபா ரீச்சி தன் இளமையை வைத்து எழுதிய நாவலிலிருந்து பிறந்த, தெற்கு ஒசாக்காவின் கிஷிவதா ஊரில் நடக்கும் கிஷிவதாப் படங்களே இதற்கு நல்ல சாட்சி. 1996இல் இஸுட்சு கஸுயுகி ஒன்று எடுத்தார். பிறகு தகாஷி மீகே எடுத்தார். மீகேயின் 1998ஆம் ஆண்டுப் படம், நிலவில் மனிதன் கால் வைத்த 1969இல் நடக்கிறது. இப்படியொரு படத்தைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஐம்பது பேருக்குத் தமிழ் சப்டைட்டிலோடு காட்ட நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. படத்தின் உயிர் வசனத்தில் இருப்பதால், மற்ற வேலைகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு வசனத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்.

அனுமதியில் தொடங்குங்கள். கடையில் வாங்கிய டிஸ்க் வீட்டில் பார்க்க மட்டும்தான். மண்டபத்தில் காட்ட உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும், தணிக்கைச் சபையின் அனுமதியும் வேண்டும். கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தின் கலாசாரப் பிரிவிடம் கேட்டால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று அறிய வழி கிடைக்கலாம். இதை முடிக்காமல் சப்டைட்டில் வேலையில் இறங்கினால் உழைப்பு வீணாகும்.

அடுத்தது பிரதி. ஜப்பானிய டிவிடி வலயம் (ரீஜன்) 2, நம்முடையது 5. புளூரேயில் ஜப்பான் ஏ, நாம் சி. வலயக் கட்டுப்பாடு இல்லாத பிளேயர் இல்லையென்றால் டிஸ்க் திறக்காது. இதைவிட மோசமான பொறி வேகம். ஜப்பானிய, அமெரிக்கப் பிரதிகளில் படம் செக்கனுக்கு 23.976 சட்டகத்தில் (ஃப்ரேம்) ஓடும். பிரித்தானிய டிவிடி பெரும்பாலும் 25இல் ஓடும். 90 நிமிடப் படம் அதில் 86 நிமிடம் 19 செக்கனில் முடிந்துவிடும். ஒன்றுக்குச் செய்த சப்டைட்டிலை மற்றதில் போட்டால் முதல் காட்சி சரியாக இருக்கும், கடைசிச் சண்டைக்கு வரும்போது மூன்றரை நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும். விலகல் போகப்போகக் கூடினால் சட்டக வேகத்தில்தான் பிழை. 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருளில் சேஞ்ச் ஃப்ரேம் ரேட் கொடுத்தால் சரியாகும். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகினால், தொடக்கத்தில் ஏதோ ஒரு நிறுவனச் சின்னம் கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. முழுவதையும் அந்த அளவு நகர்த்தினால் போதும்.

ஆங்கில சப்டைட்டிலை நேரக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், பொருளுக்கு நம்பாதீர்கள். கிஷிவதாக்காரர் பேசுவது தெற்கு ஒசாக்காவின் கரடுமுரடான பேச்சு. ஆங்கிலத்தில் அது வழித்துத் துடைக்கப்பட்டிருக்கும். காதால் ஜப்பானிய மொழி கேட்கக்கூடிய ஒருவர் கட்டாயம் வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படிப்பிக்கிறார்கள், பள்ளி உயர்தரப் பரீட்சையிலும் அது ஒரு பாடம். ஆகவே ஆள் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கிடைப்பவர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் விளக்குவார். அதனால் நட்டமில்லை. 'மச்சான்' இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் ஒரு பகிடி ஜப்பானிய மொழியிலிருந்து சிங்களம் வழியாகத் தமிழுக்கு வரும்போது, ஆங்கிலம் வழியாக வருவதைவிடக் குறைவாகவே சிந்தும்.

அவரிடம் முதலில் கேட்க வேண்டியது 'ஜிபுன்' பற்றி. அகராதியில் அதற்குத் 'தான்' என்று பொருள். ஒசாக்காவில் எதிரே நிற்பவனைப் பார்த்து அதையே 'நீ' என்று சொல்வார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு இங்கே சறுக்கும்: வம்புக்கு இழுக்கிறவன் தன்னைப் பற்றியே பேசுவதுபோல வசனம் வந்து நிற்கும். 'அஹோ', 'பாகா' இரண்டும் மடையன்தான். ஆனால் ஒசாக்காக்காரனுக்கு 'அஹோ' செல்லத் திட்டு, 'பாகா' சுடும் சொல். டோக்கியோவில் நேர்மாறு. முதலாவதுக்கு 'விசரா', இரண்டாவதுக்கு 'எருமை' என்று பிரித்து, படம் முழுக்க அப்படியே வைத்திருங்கள்.

எந்தத் தமிழ் என்பதில்தான் அதிகம் சண்டை வரும். 'பெடியள்' என்றால் யாழ்ப்பாணத்தார் உடனே ஒட்டிக்கொள்வார்கள், மலையகத்தார் விலகி நிற்பார்கள். 'மச்சி', 'தல' என்றால் ஒசாக்கா ஒரே நொடியில் சென்னையாகிவிடும். கொழும்புச் சபை கலப்பானது. 'பொடியன்', 'மச்சான்', 'டேய்', 'என்னடா செய்றே' என்ற மட்டத்தில் நின்றால் ஒருவருக்கும் உறுத்தாது. 'பண்றே' வேண்டாம். 'நீர்' நாடக வாடை அடிக்கும், அதுவும் வேண்டாம். ஆசிரியரை 'சேர்' என்றும் 'ரீச்சர்' என்றும் கூப்பிடட்டும். மேல்வகுப்புக்காரன் 'அண்ணே'. தெருமுனைக் கடைக்காரர் 'முதலாளி'. பள்ளியின் தலைமைச் சண்டியனைக் குறிக்கும் 'பஞ்சோ'வை 'பள்ளிச் சண்டியன்' என்று எழுதினால் விளக்கமே தேவையில்லை. இந்தப் பொடியன்களை ஜப்பானியர் 'யாங்கி' என்பார்கள். அதை அப்படியே விட்டால் அமெரிக்கக்காரன் எங்கே என்று சபை தேடும். 'காவாலி' என்று போடுங்கள்.

தகப்பன் மகன் பேச்சை ஒரு தாளில் தனியே எழுதிப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் மகன் ஆரம்பத்திலேயே முரட்டுத்தனமாகப் பேசுவான். தமிழில் முதல் காட்சியிலேயே அப்பாவை 'நீ' என்று எழுதினால், பிறகு உண்மையாகவே எதிர்த்து நிற்கும் காட்சிக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதுவரை 'நீங்க' வைத்து, அந்த ஒரு காட்சியில் மட்டும் 'நீ' போடுங்கள். மண்டபம் அமைதியாவதைக் காண்பீர்கள்.

தூஷணத்தில் சிக்கனம் வேண்டும். காதில் விழும் கெட்ட வார்த்தையைவிட நான்கடி உயரத் திரையில் எழுத்தில் நிற்கும் வார்த்தை இரண்டு மடங்கு கனம். மாமிமாரும் வருவார்கள். மூன்று படி வைத்துக்கொண்டு, மேல்படியைப் படத்தில் ஓரிரு இடத்துக்கு மட்டும் எடுங்கள்.

கிஷிவதாவின் பெயரோடு ஒட்டியது செப்டெம்பரில் வரும் டன்ஜிரித் திருவிழா. நாலு டன் எடையுள்ள மரத்தேரைக் கயிறு கட்டி ஓட ஓட இழுத்து, தெருமுனையில் வேகம் குறைக்காமலே திருப்புவார்கள். கூரையில் ஒருவன் நின்று ஆடுவான். முதல் முறை 'டன்ஜிரித் தேர்' என்று எழுதிவிட்டுப் பிறகு 'தேர்' என்றால் போதும். காசை ரூபாவாக்க வேண்டாம், யென்னாகவே இருக்கட்டும். நிலவுக் காட்சி இருந்தால் அறிமுகத் தாளில் ஒரு வரி சேர்க்கலாம்: இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல்தான். நிலவில் கால் வைத்ததை இங்குள்ளவர்கள் வானொலியில்தான் கேட்டார்கள்.

இனி நேரம். ஒரு சப்டைட்டில் குறைந்தது 1 செக்கன், கூடியது 7 செக்கன். அடுத்தடுத்த சப்டைட்டில்களுக்கு நடுவே 2 சட்டக இடைவெளி. ஒரு வரியில் நாலைந்து சொல், அதிகபட்சம் இரண்டு வரி. தமிழ்ச் சொல் நீளம், ஆகவே செக்கனுக்கு இரண்டு சொல் என்று கணக்கு வையுங்கள். எழுத்து கூடிவிட்டது என்று மென்பொருள் சிவப்புக் காட்டினால் பயப்பட வேண்டாம். 'மச்சான்' நமக்கு 4 எழுத்து. புள்ளியையும் காலையும் தனியே எண்ணும் மென்பொருளுக்கு அது 7.

பகிடி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒருவன், "நான் அவனுக்குப் பயமில்லை" என்று சொல்லி, மூச்சு விட்டு, "அவன்ட அம்மாவுக்குத்தான் பயம்" என்கிறான் என்று வையுங்கள். இரண்டையும் ஒரே சப்டைட்டிலில் போட்டால் நடிகர் வாய் திறக்கும் முன்பே சபை சிரித்து முடித்துவிடும். மூச்சு விடும் இடத்தில் வெட்டுங்கள். இரண்டாவது வரி குரலோடு சேர்ந்து வரட்டும், ஒரு சட்டகம் பிந்தினாலும் பாதகமில்லை, முந்தக்கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் சண்டையில் எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். கதைக்குத் தேவையான ஒரு குரலை மட்டும் எடுங்கள்.

தட்டெழுத்தாளரிடம் கொடுத்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருவார். எழுத்துரு இல்லாத இடத்தில் அது ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். மாற்றியபின் 'ஸ்ரீ', 'க்ஷ', 'கௌ' வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள், மாற்றி பெரும்பாலும் அங்கேதான் பிழைவிடும். யூஎஸ்பியில் நேராக ஓட்டும் தொலைக்காட்சிகள் பல கொம்பையும் காலையும் இடம் மாற்றிக் காட்டும் அல்லது பெட்டி பெட்டியாகக் காட்டும். அதற்கு மருந்து, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எழுத்தைப் படத்தோடேயே பதித்துவிடுவது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, வெள்ளை நிறம், கறுப்பு ஓரம்.

மண்டபத் தரை சமதளம் என்றால் முன்வரிசைத் தலைகள் கீழ் வரியை விழுங்கும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடிக்குக் குறையக்கூடாது. முடியாவிட்டால் சப்டைட்டிலைத் திரையின் அடியிலிருந்து எட்டில் ஒரு பங்கு மேலே தூக்குங்கள். கடற்கரைப் பக்க மண்டபத்தில் ரயில் சத்தம் இடைக்கிடை வசனத்தை மூடும், சப்டைட்டில் படத்துக்கு அது பெரிய இழப்பில்லை.

பதித்த கோப்பு ஒன்று, பதிக்காத படமும் சப்டைட்டில் கோப்பும் தனியாக இன்னொன்று என இரண்டையும் கொண்டுபோங்கள். பதித்ததில் விலகல் இருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. தனிக் கோப்பென்றால் விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகள் இருக்கின்றன, ஒரு தட்டுக்கு 50 மில்லிசெக்கன் நகரும். முதல் பத்து நிமிடமும் அந்த விசைகளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.