சுரங்கம் வருமுன் ஓடையோர நிலத்தடி நீரைக் கண்காணிக்கத் திட்டமிடுவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குத் தெற்கே, வொரோனோரா நீர்த்தேக்கத்துக்கு நீர் சேர்க்கும் வராட்டா ஓடையின் அடியில் லாங்வால் முறையில் (அகலமான பகுதியை முழுவதுமாக வெட்டியெடுத்து, மேற்கூரையைச் சரியவிடும் முறை) நிலக்கரி எடுத்தபோது, ஓடையின் பாறைப் படுகை விரிசல் கண்டது. மடுக்களில் நின்ற நீர் வடிந்தது. ஓடையின் கீழ்ப்பகுதியில் மீண்டும் வெளிப்பட்ட நீர் துருநிறத்தில் ஓடியது. அந்தப் பகுதியை ஆராய்ந்து 2008இல் அறிக்கை தந்த நியூ சவுத் வேல்ஸ் அரசின் குழு, முக்கியமான இயற்கை அமைப்புகளுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளின் முன்னிலைத் தரவு (சுரங்கம் தொடங்குமுன் எடுத்த அளவுகள்) வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுரங்கம் தொடங்குமுன் அளக்காததைப் பின்னர் எவராலும் அளக்க முடியாது என்பதால், திட்டமிடுதலை இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதற்படி, ஓடையை நடந்து பார்ப்பது. மழையின்றிப் பல நாட்கள் ஆன பிறகு செல்லுங்கள். எந்த மடுவில் நீர் நிற்கிறது, எந்தப் பாறை இடுக்கில் கசிவு வருகிறது என்பதை வரைபடத்தில் குறித்து, அதன்மேல் உத்தேசச் சுரங்கப் பகுதிகளையும் நிலப்பிளவுகளையும் வரையுங்கள். அடியிலுள்ள அடுக்குகளும் தெரிய வேண்டும். மேற்சொன்ன பகுதியில் மேலே ஹாக்ஸ்பரி மணற்கல்லும், அதற்குக் கீழே களிக்கல்லும் மணற்கல்லும் மாறிமாறி வரும் நாரபீன் தொகுதியும், அதற்கும் கீழே புல்லி நிலக்கரி அடுக்கும் உள்ளன.

அடுத்து, நிலத்தடி நீர்மட்டத்தை அளப்பதற்காகத் துளையிட்டுக் குழாய் இறக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் இடம். ஓடைக்குக் குறுக்கே ஒரு கோடு வரைந்து, கரையோரம் ஒன்று, சற்றுத் தள்ளி ஒன்று, மேட்டில் ஒன்று என அமையுங்கள். கரையோரத்தில் ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களில் இரண்டு மூன்று கிணறுகள் தேவை. நிலக்கரி எடுத்த இடம் சரியும்போது பள்ளத்தாக்கின் சரிவுகள் உள்நோக்கி நகர்ந்து, நெருக்குண்ட படுகை மேலெழும்பி உடைகிறது. ஆகவே ஓடை நீர் திசைமாறுவது பெரும்பாலும் மேற்பரப்புக்கு அருகில்தான். ஆழமான கிணற்றை மட்டும் நம்பினால் இது கண்ணில் படாது. ஆழ அடுக்குகளுக்கு அதிர்கம்பி அழுத்தமானிகளை (கம்பியின் அதிர்வைக் கொண்டு நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள்) புதைத்துச் சிமென்ட் கலவையால் மூடுவது வழக்கம். சுரங்கத்தின் தாக்கம் எட்டாத ஓர் ஒப்பீட்டு ஓடையிலும் இதே அமைப்பு இருக்கட்டும்; வறட்சியின் விளைவைச் சுரங்கத்தின் விளைவிலிருந்து பிரித்தறிய அது இல்லாமல் வழியில்லை.

இப்போது, பலரும் அவசரமாகக் கடந்துவிடும் படி: உயரங்களை ஒரே மட்டத்திலிருந்து அளப்பது. எடுத்துக்காட்டாக, குழாயின் விளிம்பு 214.85 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அளவுநாடாவை இறக்கினால் 2.31 மீட்டரில் நீர் தொட்டு ஒலி எழுகிறது. அப்படியானால் நீர்மட்டம் 212.54 மீட்டர். பக்கத்து மடுவின் நீர்மட்டம் 212.40 மீட்டர் என்றால், நிலத்தடி நீர் ஓடைக்குள் வர வாய்ப்புள்ளது, 212.70 என்றால் ஓடைதான் நிலத்துக்குக் கொடுக்கிறது. இந்த முடிவு முழுவதும் 14, 16 சென்டிமீட்டர் வேறுபாட்டில் நிற்கிறது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் குழாய் விளிம்பில் அளவுப் புள்ளியைக் குறிக்காமல் விட்டதால், இருவர் எடுத்த அளவுகள் 8 சென்டிமீட்டர் வேறுபட்டன. பல மாதத் தரவை ஒதுக்க நேர்ந்தது. விளிம்பில் சிறு வெட்டு ஒன்றைப் போட்டு, எப்போதும் அங்கிருந்தே அளவிடுங்கள்.

கிணற்றில் நீரழுத்தத்தைக் கொண்டு மட்டத்தைக் கணிக்கும் தானியங்கிப் பதிவுக் கருவிகளை மணிக்கொருமுறை பதியுமாறு அமைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கையால் அளந்து சரிபாருங்கள். காற்றழுத்தத்தையும் தனியே பதிய வேண்டும், ஏனெனில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றமே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். மழைமானியும், ஓடையில் நீரோட்டத்தை அளக்கும் தடுப்பும், மடுக்களில் மட்டப் பதிவியும் உடன் இயங்க வேண்டும்.

நீர்த்தரத்தில் அமிலத்தன்மை, மின்கடத்துதிறன், இரும்பு, மாங்கனீசு, சல்பேட் ஆகியவை அடிப்படை. முதலிரண்டைக் களத்திலேயே அளவிடுங்கள். கரைந்த உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடிகட்டுங்கள், தாமதித்தால் இரும்பு படிந்துவிடும்.

இறுதியாக, எந்த மடுவின் மட்டம் எவ்வளவு குறைந்தால் எச்சரிக்கை, எவ்வளவு குறைந்தால் வெட்டுதலை நிறுத்துவது, யாருக்கு எத்தனை நாளில் தெரிவிப்பது என்பவற்றை முன்னிலைத் தரவைக் கொண்டு எண்களாக எழுதி, முதல் வெட்டு தொடங்குமுன்பே அனுமதி ஆவணத்தில் சேர்க்கச் செய்யுங்கள்.