ஸ்பீச் அண்ட் டிபேட் அணியில் பிள்ளை சேரும்போது

எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ முடித்த பிள்ளையோடு அமெரிக்காவுக்கு வந்திருக்கிறீர்களா? பள்ளியில் ஸ்பீச் அண்ட் டிபேட் அணி, அதாவது பேச்சு, விவாதப் போட்டிகளுக்குப் போகும் அணி, இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள். சில பள்ளிகளில் அது பாடவேளையாகவே நடக்கும். சிலவற்றில் மாலை நேரக் கிளப். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆள் சேர்ப்பார்கள். ஆங்கிலம் சரளமாக வந்தபிறகு சேரலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். அனுபவமில்லாதவர்களுக்கென்றே ‘நோவிஸ்’ பிரிவு இருக்கிறது. அந்தச் சலுகை பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டும்தான்.

எந்தப் பிரிவு என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நம் ஊர்ப் பேச்சுப்போட்டிக்குப் பழகியவர்களுக்கு ஒரிஜினல் ஆரட்டரி நெருக்கமாகத் தோன்றும்: மனப்பாடமாகப் பத்து நிமிடப் பேச்சு. ஆனால் அப்பா எழுதிக் கொடுக்க மகள் ஒப்பிக்கும் வழக்கம் இங்கே செல்லாது. உரை மாணவரே எழுதியதாக இருக்க வேண்டும். மேற்கோள்கள் 150 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது தேசிய விதி. செய்தித்தாள் படிக்கும் பிள்ளைக்கு எக்ஸ்டெம்ப் பொருந்தும். நடப்புச் செய்திகள் பற்றிய மூன்று கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்து, 30 நிமிடம் தயாரித்து, ஏழு நிமிடம் பேச வேண்டும்.

விவாதத்தில், இருவர் இருவராக மோதும் பப்ளிக் ஃபோரம் என்ற பிரிவு தொடக்கத்துக்கு ஏற்றது. பட்டிமன்றத்தில் அணி முன்பே தெரிந்துவிடும். இங்கே பல போட்டிகளில் சுற்றுக்குச் சற்று முன் நாணயம் சுண்டுவார்கள். எந்தப் பக்கம் என்பது அப்போதுதான் முடிவாகும். ஆகவே ஆதரித்தும் எதிர்த்தும் ஆதாரங்களோடு தயாராக வேண்டும். எதிரணி கேட்டால் ஆதாரத்தின் மூலத்தைக் காட்டியாக வேண்டும். காலையில் ஒரு கொள்கையைப் போற்றிய மகன் மதியம் அதையே கிழித்துப் போடுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒவ்வொருவர் பேச்சையும் கேட்கக் கேட்கக் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்ளும் ‘ஃப்ளோ’ எழுதும் பழக்கத்தை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காது பழகாத ஆங்கிலத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

செலவுக்கு வருவோம். நுழைவுக் கட்டணம், சில சமயம் பஸ், விடுதி. சிரமமென்றால் பயிற்சியாளரிடம் கேளுங்கள். விலக்கோ உதவியோ பல பள்ளிகளில் உண்டு, கேட்பதில் குறைவில்லை. போட்டிக்கு அணியும் கோட்டுக்கும் அப்படித்தான்: சில அணிகளில் இரவலுக்கே வைத்திருப்பார்கள்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இத்தனை பேரை அனுப்பினால் இத்தனை நடுவர்களைத் தர வேண்டும் என்று பெரும்பாலான போட்டிகள் பள்ளியிடம் கேட்கும். அந்த நடுவர்களில் பலர் உங்களைப் போன்ற அப்பா அம்மாக்கள். “என் ஆங்கிலத்துக்கு நான் தீர்ப்புச் சொல்வதா?” என்று நழுவாதீர்கள். நடுவர் கிடைக்காவிட்டால் அணியில் யாராவது ஒரு பிள்ளை வீட்டிலேயே நிற்க நேரும்.

பல போட்டிகளை நடத்தப் பயன்படும் டேப்ரூம் (Tabroom) இணையதளத்தில் கணக்குத் தொடங்குங்கள். அங்கே ‘பாரடைம்’ என்ற இடத்தில் உங்களைப் பற்றி நாலு வரி எழுதலாம். “புதிய பெற்றோர் நடுவர், நிதானமாகப் பேசுங்கள், கலைச்சொற்களை விளக்குங்கள்” என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். போட்டியாளர்கள் சுற்றுக்கு முன் அதைத் தேடிப் படிப்பார்கள், கெட்டிக்காரர்கள் அதற்கேற்ப வேகத்தைக் குறைப்பார்கள். உங்கள் சொந்தக் கருத்தை வாசலில் விட்டுவிட்டு, மேசையில் வைக்கப்பட்ட வாதத்தை மட்டும் எடைபோடுங்கள். தீர்ப்புச் சீட்டில் காரணம் எழுதுங்கள். “நன்று” என்ற ஒற்றைச் சொல் எந்தப் பிள்ளைக்கும் உதவாது. உச்சரிப்பைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளையின் சீட்டில் யாரேனும் அப்படி எழுதியிருந்தால் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

போட்டி நடக்கும் சனிக்கிழமை முழுவதும் போய்விடும். காலை ஏழரைக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டியிருக்கும், பரிசளிப்பு இரவிலும் நடக்கலாம். மதியம் பெரும்பாலும் பீட்சாதான் என்பதால் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று: உங்கள் அணி நாக் அவுட்டில் வெளியேறினாலும், அதற்கடுத்த ஒரு சுற்றுக்கும் நடுவர் இருந்தாக வேண்டும் என்பது பல போட்டிகளின் நிபந்தனை. காரை எடுப்பதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.