ஹவுசிங்கின் ஓ-ரிங்கை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்

கடலுக்கடியில் படம் எடுக்கப் போகிறீர்களா? கேமராவைவிட அதிகக் கவனம், தண்ணீர் படாமல் அதைப் பூட்டிவைக்கும் பெட்டியான ஹவுசிங்கின் மூடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்குத்தான் தேவை. அதன்மேல் ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலே போதும், உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

கரையேறியதும் ஹவுசிங்கைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். தண்ணீருக்குள் வைத்தே பட்டன்களை அழுத்தி அழுத்தி விடுங்கள். உப்பு காய்ந்து படிந்துவிட்டால் பட்டனுக்கு அடியில் உள்ள சின்ன வளையங்கள் கெட்டுவிடும்.

வளையத்தைக் கழற்ற ஊசி, கத்தி வேண்டாம். இரண்டு விரலால் ஒரு பக்கமாகத் தள்ளினால் அது மேலே எழும்பும், பிடித்து எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கு இடையே மெதுவாக உருவுங்கள். கண்ணுக்குத் தப்பிய மணல் விரல் நுனிக்குத் தட்டுப்படும். அது உட்காரும் பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடையுங்கள்.

கிரீஸ் கொஞ்சம் போதும். வளையம் பளபளத்தால் சரி, திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதிகம். தண்ணீரைத் தடுப்பது நசுங்கிய ரப்பர்தான், கிரீஸ் இல்லை. வாசலின் வேண்டவே வேண்டாம். சிலிக்கான் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் போட்டால் அது ஊதிவிடும். ஹவுசிங் செய்த கம்பெனி சொல்லும் கிரீஸையே வாங்குங்கள்.

அப்புறம், உள்ளே கேமராவுக்குப் பதில் டிஷ்யூ பேப்பரை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். ஆழத்தில் நீரின் அழுத்தமே மூடியை இறுக்கிவிடும் என்பதால், பல கசிவுகள் மேல்மட்டத்திலேயே தெரிந்துவிடும்.