கோபத்துக்கு 10 கஜம் போதும்: கோல்ஃபில் பழகி வேலையில் பயன்படுத்த

18 குழி ஆட்டம் நாலு மணி நேரம் ஓடும்; பந்தை அடிப்பது சில நிமிடங்கள்தான். மீதியெல்லாம் நடையும் காத்திருப்பும். சொதப்பிய அடியை மனசில் ஓட்டிக்கொண்டே நடந்தால் பிடி இறுகும், தோள் விறைக்கும், ஸ்விங், அதாவது மட்டை வீச்சு, அவசரப்படும். அடுத்த அடியும் போச்சு.

கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸின் வழக்கம் இதற்கு நல்ல மருந்து. சொதப்பிய இடத்திலிருந்து 10 கஜம் நடக்கும் வரை கோபப்படலாம். தாண்டினால் அடுத்த அடி மட்டுமே நினைவில். தாண்டியதும் கையுறையைக் கழற்றுங்கள், மூச்சை நீளமாக விடுங்கள். அலுவலகத்தில், காரசாரமான மீட்டிங்கிலிருந்து உங்கள் நாற்காலி வரையுள்ள தூரம்தான் அந்த 10 கஜம். அதைக் கடக்குமுன் போனில் பதில் மெயில் தட்டாதீர்கள்.

சூழலுக்கேற்ப மாறப் பழக, புதரில் சிக்கிய பந்தைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆட முடியாது என அறிவித்தால், ஓர் அடி அபராதத்தோடு மூன்று வழிகள்: முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம், குழிக்கும் பந்துக்குமான நேர்கோட்டில் பின்னால் போகலாம், குழியை நெருங்காமல் இரண்டு மட்டை நீளத்துக்குள் பந்தை முழங்கால் உயரத்திலிருந்து விடலாம். வீம்புக்குப் புதருக்குள்ளிருந்தே அடிப்பவர்கள் இரண்டு மூன்று அடிகளை வீணாக்குவார்கள். முடங்கிய புராஜெக்டுக்கும் இதே மூன்றைக் கேளுங்கள்: முதலிலிருந்து தொடங்கலாமா, கெடுவைத் தள்ளலாமா, கொஞ்சம் இழந்து ஒதுங்கிப் போகலாமா?

ஸ்கோர் அட்டையில் கோபம் வந்த குழிக்கெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். ஆட்டம் முடிந்ததும், புள்ளி வைத்த குழிக்கு அடுத்த குழியில் எத்தனை அடி போயிருக்கிறது என்று பாருங்கள்.