மண்ணின் நுண்ணுயிர்களும் கதிரியக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதிரியக்கம் படிந்த மண்ணில் உயிரே மிஞ்சாது என்று எண்ணுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபின் அருகிலிருந்த பைன் காடு செந்நிறமாகி மடிந்தது. அந்த மண்ணிலோ பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தொடர்ந்து வாழ்ந்தன. மனித உடல் முழுவதும் ஒரே வேளையில் ஏறத்தாழ 5 கிரே (உள்வாங்கிய கதிர்வீச்சு ஆற்றலை அளக்கும் அலகு) கதிர்வீச்சை ஏற்றாலே உயிருக்கு ஆபத்து. மண்ணை ஆய்வகத்தில் முற்றிலும் நுண்ணுயிரற்றதாக்கவோ பல்லாயிரம் கிரே தேவைப்படுகிறது.

அதனால் பாதிப்பே இல்லை என்பதும் பிழை. 5,000 கிரேயைத் தாங்கும் டெய்னோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் என்ற பாக்டீரியத்தைக் காட்டி, எல்லா நுண்ணுயிர்களும் அப்படித்தான் என்று வாதிடுவோர் உண்டு, அது விதிவிலக்கு. மொத்த எண்ணிக்கை குறையாமலேயே வகைகளின் விகிதம் மாறிவிடலாம் என்பதால், நுண்ணுயிர்கள் செய்யும் வேலையையும் அளந்து பார்க்க வேண்டும். செர்னோபில் பகுதியில் சருகுகளைப் பைகளிலிட்டுக் காட்டுத் தரையில் வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. கதிரியக்கம் மிகுந்த இடங்களில் சருகு மக்குவது குறைந்திருந்ததை அது காட்டியது. இத்தகைய ஒப்பீடுகளில் ஈரப்பதம், அமிலத்தன்மை, மர வகை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாமல் எல்லா வேறுபாட்டையும் கதிர்வீச்சின் தலையில் சுமத்தக் கூடாது.

அலகுகளைக் குழப்புவது, சிறியதாகத் தோன்றினாலும், முடிவையே கெடுக்கும். மண்ணில் ஒரு நொடியில் எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன என்பதைப் பெக்கரல் சொல்கிறது; உயிர் உள்வாங்கிய ஆற்றலைக் கிரே சொல்கிறது. பெக்கரல் அளவு ஒன்றாக இருந்தாலும், ஆல்ஃபா துகளை வெளியிடும் தனிமமும் காமா கதிரை வெளியிடும் தனிமமும் ஒரு பாக்டீரியத்துக்குத் தரும் பாதிப்பு ஒன்றாகாது.

நுண்ணுயிர்கள் கதிரியக்கத்தைத் தின்று தீர்க்கும் என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது. ஜியோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் நீரில் கரையும் யுரேனியத்தைக் கரையாத வடிவுக்கு மாற்றுகின்றன. யுரேனியம் அதே இடத்தில்தான் இருக்கிறது. சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுளான, அதாவது அது பாதியாகச் சிதைய ஆகும் காலமான, 30 ஆண்டுகளை எந்த உயிரும் குறைப்பதில்லை. காட்டுப் பூஞ்சைகளின் இழைகள் சீசியத்தை மேல்மண்ணிலேயே பிடித்துவைப்பதால், காளான்கள் வழியாக அது காட்டுப்பன்றிகளின் உடலுக்கும் போய்ச் சேர்கிறது.

2011 அணு உலை விபத்துக்குப் பின் ஜப்பானின் ஃபுகுஷிமா வயல்களில் மேல்மண்ணைச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி அகற்றினார்கள். சீசியத்தோடு, உழவர்கள் தலைமுறைகளாக வளப்படுத்திய மண்ணும் அதிலிருந்த நுண்ணுயிர்களும் போயின. அத்தகைய நிலத்தில் பெக்கரல் அளவு இறங்கியதை மட்டும் பார்த்து மண் மீண்டுவிட்டது என்று அறிவிப்பது, தழைச்சத்தையும் மக்கையும் புதிதாகச் சேர்க்க உழவர் படும் பாட்டைக் கணக்கிலேயே எடுக்காத பெருந்தவறு.