காலநிலை மாநாடு பற்றி எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் நெருங்கினால் ஐ.நா. காலநிலை மாநாட்டைப் பற்றிய கட்டுரைகள் என் மேசையில் குவியத் தொடங்கும். எழுதுகிறவர்கள் புதியவர்கள், விழுகிற பள்ளங்கள் மட்டும் பழையவை. அந்தப் பள்ளங்களின் ஆழம் எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன். ஸ்டாக்ஹோம் 1972, ரியோ 1992, கியோட்டோ 1997, பாரிஸ் 2015 என்ற வரிசையைக் குழப்புவது, ஓசோன் ஓட்டையையும் புவி வெப்பமடைதலையும் ஒன்றாக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டாம் முறை படித்தால் நீங்களே பிடித்துவிடுவீர்கள். எத்தனை முறை படித்தாலும் சரி போலவே தோன்றும் தவறுகள்தான் ஆபத்து.

‘வளரும் நாடுகள் ஒரே குரலில்’ என்று எழுதுவது

அப்படி ஒரு குரல் கிடையாது. 1964இல் 77 நாடுகளோடு தொடங்கிய ஜி77 கூட்டணியில் இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. எண்ணெய் விற்று வாழும் சவூதி அரேபியாவும் அதில் உண்டு, கடல் ஏறினால் நிற்க இடமில்லாத மாலத்தீவும் உண்டு. இந்த இருவரும் ஒரே கோரிக்கையோடு வருவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது? 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில், சட்டப்படி கட்டுப்படுத்தும் புதிய நெறிமுறை வேண்டும் என்று பசிபிக்கின் குட்டித் தீவு நாடான துவாலு கேட்டது. எதிர்த்தவர்களில் சீனாவும் இந்தியாவும் சவூதியும் இருந்தன. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் முயற்சி பாரிஸ் ஒப்பந்தத்தில் இடம்பெற்றதும் தீவு நாடுகள் விடாமல் அழுத்திய அழுத்தத்தால்தான்.

யார் ‘வளர்ந்த நாடு’ என்பதை இன்னும் ஐ.நா. காலநிலை உடன்படிக்கைக்காக 1992இல் போட்ட பட்டியல்தான் சொல்கிறது. அதன்படி கத்தாரும் சிங்கப்பூரும் தென் கொரியாவும் வளர்ந்த நாடுகள் இல்லை. அதனால் நாட்டின் பெயரை எழுதுங்கள். கூட்டணியின் பெயர் போதாது.

பில்லியனைக் கோடியாக்கும்போது கணக்குப் போடாமல் இருப்பது

1 பில்லியன் என்றால் 100 கோடி. 100 பில்லியன் டாலர் என்றால் 10,000 கோடி டாலர், ரூபாய் அல்ல.

கடனை உதவி என்று எழுதுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2009 கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் ஒரு வாக்குறுதி தந்தன: 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் காலநிலை நிதியாக ஏழை நாடுகளுக்குத் திரட்டித் தருவோம் என்று. 2020இல் அந்த இலக்கு எட்டப்படவில்லை. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் சொந்தக் கணக்குப்படியே 83.3 பில்லியன்தான். 2022இல் 115.9 பில்லியன் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த கையோடு, பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் ‘ஏழை நாடுகளுக்கு 115.9 பில்லியன் டாலர் உதவி’ என்று தலைப்புப் போட்டு எழுதிக் கொண்டுவந்தார். எண் சரி. மூல ஆவணமும் சரி. “தம்பி, இதில் எவ்வளவைத் திருப்பிக் கட்டணும்?” என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே அவர் நினைத்திருக்கவில்லை.

அந்த ஆண்டு அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் தந்த பொது நிதியில் ஏறக்குறைய 70 சதவீதம் கடன். திருப்பித் தர வேண்டாத மானியம் 30 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இதையும் ஓஇசிடியேதான் சொல்கிறது, அறிக்கையின் உள்ளே. முகப்பை மட்டும் படித்தால் தெரியாது. கடனின் முழுத் தொகையும் கணக்கில் ஏறுகிறது. அதற்குக் கட்டும் வட்டியும் அசலும் எங்கேயும் கழிவதில்லை. கல்யாணச் செலவுக்கு மாமா வட்டிக்குக் கொடுத்த பணத்தை மொய் நோட்டில் எழுதிக்கொள்வது மாதிரி. ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்பு இந்தக் கடன்களில் உள்ள சலுகையை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டபோது, 2022இன் உண்மை மதிப்பு 28 முதல் 35 பில்லியன் டாலருக்குள்தான் வந்தது.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. 2014இல் 62 பில்லியன் டாலர் போய்ச் சேர்ந்தது என்று பாரிஸ் மாநாட்டுக்கு முன்னதாக ஓஇசிடி சொன்னது. இந்திய நிதி அமைச்சகம் அதை அலசி ஓர் ஆவணம் வெளியிட்டது. உறுதியாகச் சொல்லக்கூடியது 2.2 பில்லியன் மட்டுமே என்றது. 62 எங்கே, 2.2 எங்கே! வாக்களித்ததை எண்ணுவதா, கைக்கு வந்ததை எண்ணுவதா, தனியார் முதலீட்டைச் சேர்ப்பதா கூடாதா என்பதில் இருக்கிறது வித்தியாசம். எது காலநிலை நிதி என்பதற்கே எல்லோரும் ஏற்ற வரையறை இல்லை. 2023இல் ராய்ட்டர்ஸ் நிறுவனம் நாடுகள் ஐ.நா.வுக்குத் தந்த அறிக்கைகளைத் துருவியபோது, ஆசியாவில் சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகள் திறக்க இத்தாலி தந்த பணமும், ஹைட்டியில் ஒரு ஓட்டலை விரிவாக்க அமெரிக்கா தந்த கடனும் காலநிலை நிதியாக எழுதப்பட்டிருந்தன. வங்கதேசத்தில் ஜப்பான் நிதியில் எழும்பிய நிலக்கரி மின் நிலையமும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆமாம், நிலக்கரிதான்.

இந்தக் கணக்கு யாரைத் தாக்குகிறது என்று பார்க்கப் பாகிஸ்தானைப் பாருங்கள். 2022 வெள்ளத்தில் சேதமும் இழப்புமாக 30 பில்லியன் டாலர் போயிற்று. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய நன்கொடையாளர்கள் 9 பில்லியனுக்கு மேல் அறிவித்தார்கள். கைதட்டல் எல்லாம் முடிந்து பார்த்தால் பெரும்பகுதி கடன். ஏற்கெனவே வெளிக்கடனில் தத்தளித்த நாடு, தான் பெரிதாகக் காரணமில்லாத வெள்ளத்துக்காக இன்னும் கடன் வாங்கியது. இதை ‘உலகம் கைகொடுத்தது’ என்று எழுதினால் அந்த நாட்டு நிதியமைச்சர் அடுத்த ஆண்டு ஏன் கத்துகிறார் என்று உங்கள் வாசகருக்குப் புரியவே புரியாது. ‘கொடுத்தாலும் நன்றியில்லை’ என்ற எண்ணம்தான் மிஞ்சும். ஒரு தலைப்பு செய்யும் கெடுதல் அது.

வேறு மாதிரியும் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். ஓசோனைக் காக்கும் மாண்ட்ரீல் நெறிமுறை 1987இல் வந்தபோது இந்தியாவும் சீனாவும் சேரவில்லை. மாற்று வாயுக்களுக்கு மாற ஆகும் கூடுதல் செலவை யார் தருவது என்று கேட்டன. 1990இல் லண்டனில் அதற்கென ஒரு பலதரப்பு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். பணம் பெரும்பாலும் மானியம். அதை நிர்வகிக்கும் குழுவில் வளர்ந்த நாடுகளுக்கு 7 இடம், வளரும் நாடுகளுக்கும் 7 இடம். 1991இல் சீனா சேர்ந்தது, 1992இல் இந்தியா. பின்னர் உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்துவிட்டன.

ஆகவே நிதி எண் எதைக் கண்டாலும், மானியமா கடனா, அறிவிப்பா பட்டுவாடாவா, எண்ணியவர் யார் என்ற மூன்றையும் எழுதுங்கள். இடமில்லை என்றால் எண்ணையே எடுத்துவிடுங்கள்.

கையெழுத்தை ஒப்புதல் என்று நினைப்பது

வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்ற கியோட்டோ நெறிமுறையில் அமெரிக்கா 1998இல் கையெழுத்திட்டது. நாடாளுமன்ற ஒப்புதல் கடைசிவரை இல்லை.

ஒரே அளவுகோலால் உமிழ்வை அளப்பது

ஆண்டு மொத்தத்தில் இந்தியாவுக்கு உலகில் மூன்றாம் இடம். ஆள் ஒன்றுக்குப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு. அமெரிக்கருக்கு 14 டன் அளவில். தொழிற்புரட்சியிலிருந்து கூட்டினால் வானில் சேர்ந்ததில் ஏறக்குறைய கால்பங்கு அமெரிக்காவுடையது. மூன்றும் உண்மை. தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்து எழுதுகிறவர் எந்தத் தூதுக்குழுவில் இருக்கிறார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நம் ஊர்க் கட்டுரைகளில் இன்னொரு பழக்கம் உண்டு: சீனாவையும் இந்தியாவையும் எப்போதும் ஜோடியாக எழுதுவது. வரலாற்று உமிழ்வில் சீனா ஐரோப்பிய ஒன்றியத்தையே எட்டிப் பிடித்துவிட்டது. ‘எங்கள் பங்கு சிறிது’ என்ற இந்தியாவின் வாதம் சீனாவுக்குச் செல்லாது.

வளரும் நாடுகளைப் பாவம் என்று மட்டும் காட்டுவது

வெள்ளத்தில் நிற்கும் குழந்தையின் படம், கீழே இரண்டு பத்தி இரக்கம். போதும், நிறுத்துங்கள். கடல் மட்ட உயர்வால் வரும் சேதத்துக்கு ஒரு நிதி வேண்டும் என்று சிறு தீவு நாடுகளின் சார்பில் பசிபிக் நாடான வனுவாட்டு 1991லேயே திட்டம் வைத்தது. 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் ஜி77 தலைமையில் இருந்த பாகிஸ்தான் பிடித்த பிடியில் இழப்பு மற்றும் சேத நிதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதே வனுவாட்டு முன்னின்று ஐ.நா. பொதுச்சபை வழியாகக் கேட்ட கேள்விக்கு, 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை தந்தது. அந்த யோசனையைக் கிளப்பியவர்கள் பசிபிக் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்ட மாணவர்கள். செய்தி அங்கே இருக்கிறது.

‘அனைவரும் ஏற்றனர்’ என்று முடிப்பது

இந்த மாநாடுகளில் வாக்கெடுப்புக்கு விதியே இன்றுவரை ஏற்கப்படவில்லை. கருத்தொற்றுமைதான் வழி. அதற்கு என்ன பொருள் என்பதை அன்றைய தலைவரின் சுத்தியல் சொல்லும்: அவர் அதைத் தட்டினால் முடிவு ஏற்கப்பட்டதாகிவிடும். 2010இல் மெக்சிகோவின் கான்கூனில் பொலிவியா வெளிப்படையாக மறுத்தது. கருத்தொற்றுமை என்றால் ஒரு நாட்டுக்கு வீட்டோ என்று பொருளல்ல என்று சொல்லித் தலைவர் பத்ரீசியா எஸ்பினோசா சுத்தியலைத் தட்டிவிட்டார். 2024இல் அஜர்பைஜானின் பாகுவில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 டிரில்லியன், அதாவது 1,300 பில்லியன் டாலர். 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் என்று முடிவானது. சுத்தியல் விழுந்தபின் இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா எழுந்து, இதை ஏற்க முடியாது, இது வெறும் கண்கட்டு வித்தை என்ற பொருளில் பேசினார். அவை கைதட்டியது. முடிவு மாறவில்லை. அந்த 300 பில்லியனில் மானியம் எவ்வளவு என்று ஆவணத்தில் எங்கும் இல்லை. மறுநாள் வந்த கட்டுரைகள் பலவற்றிலும் இல்லை.