மருந்து அடிப்பவர்களுக்குப் பயிற்சி: சறுக்குகிற இடங்கள்

டெல்டாவில் பூச்சிமருந்துப் பயிற்சி என்றால் பெரும்பாலும் நிலத்துக்காரர்தான் வந்து உட்காருகிறார். மருந்து டேங்கைத் தோளில் மாட்டி ஊர் ஊராகக் கூலிக்கு அடிக்கிற ஆள் அந்நேரம் எங்கோ ஒரு சம்பா வயலில் நிற்பார். டேங்குக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அரை நாள் உட்கார்ந்தால் அன்றைய காசு போச்சு. அதைக் கொடுத்துக் கூப்பிடுங்கள், வருவார்.

அடுத்தது, மண்டப மேசையில் கையுறை, முகமூடி, கம்பூட் எல்லாம் பரப்பிக் காட்டிவிட்டு டீ கொடுத்து அனுப்புவது. நடவு வயல் சேற்றில் அந்த பூட்ஸ் எத்தனை அடி தாங்கும் என்று காட்டியவர் இறங்கிப் பார்த்திருக்கவே மாட்டார்! வயலுக்கே கூட்டிப்போங்கள். டேங்கில் வெறும் தண்ணீரோடு துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து, வெள்ளைச் சட்டை வேட்டியோடு ஒரு சுற்று அடிக்கச் சொல்லுங்கள். அடித்த பயிருக்குள்ளேயே முன்னால் நடப்பதால் தொடை வரை நீலம் ஏறியிருக்கும், மூடி கசிந்தால் முதுகிலும். மருந்து மூக்கு வழியாகத்தான் ஏறும் என்று நினைத்து வாயில் துண்டு மட்டும் கட்டுகிறவருக்கு, தோல் வழியாகத்தான் அதிகம் ஏறுகிறது என்பது அப்போது தானாகப் புரியும். கலக்கும் நேரம் இன்னும் மோசம், தண்ணீர் சேராத மருந்து கையில் படுவது அப்போதுதான். கையுறை கட்டாயம், குச்சியால் கலக்க வேண்டும், மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்தால் அதை வாயால் ஊதவே கூடாது.

அளவு ஏக்கருக்குத்தான், டேங்குக்கு அல்ல. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 10 லிட்டர் டேங்கில் 20, 16 லிட்டர் பேட்டரி டேங்கில் பன்னிரண்டரை. டேங்குக்கு இத்தனை மூடி மருந்து என்கிற பழைய கணக்கு இங்கே உதவாது. புகையான் பூச்சி நெல்லின் தூரில் இருக்கும், இலை மேல் அடித்துவிட்டு "மருந்து கேக்கலையே" என்று அளவை ஏற்றுவதில் பிரயோசனம் இல்லை.

டப்பாவில் சிவப்பு முக்கோணம்தான் கடும் விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை. படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பிடித்துக்கொள்வார்.

மருந்து அடித்தவருக்கு வியர்த்துக் கொட்டி, எச்சில் ஊறி, கண் மங்கினால் வெயில் மயக்கம் என்று சோடா கொடுத்து உட்காரவைக்கிறார்கள். வேண்டாம், அது மருந்து உடம்பில் ஏறியதாக இருக்கலாம். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். டப்பாவையும் எடுத்துப் போக வேண்டும், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான முறிவு மருந்து போட முடியும்.

கடைசியில் டேங்க் கழுவுவது. நம் ஊரில் பக்கத்திலேயே வாய்க்கால் இருப்பதுதான் வம்பு, கீழே மாடு தண்ணீர் குடிக்கும், வாத்து மேயும். டப்பாவை மூன்று தடவை அலசி அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றச் சொல்லுங்கள், டேங்க் கழுவிய தண்ணீரையும் அதே வயலில் அடித்துவிடலாம்.